கல்யாண வீட்டில் ஒரு கம்பு

கம்பு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? மாடு ஓட்டும் கம்பு, பாம்பு அடிக்கும் கம்பு, பாட்டி ஊன்றி நடக்கும் கம்பு, பள்ளிக்கூடத்து வாத்தியாரின் பிரம்பு. பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அந்தக் காலத்துக் கங்காணியின் கையில் இருந்த பிரம்பு! விடியுமுன் பெரட்டுக் களத்தில், அதன் நுனி எந்தப் பக்கம் திரும்புகிறதோ என்று பார்த்துக்கொண்டே நின்ற தலைமுறை ஒன்று நமக்கு முன்னே இருந்தது.

அதே தலைமுறைதான், கோயில் திருவிழா வந்தால் தோட்டத்துத் திடலில் தானும் ஒரு கம்பை எடுத்தது. ஆண்கள் சிலம்பம் சுற்றினார்கள். பெண்பிள்ளைகள் கோலாட்டம் அடித்தார்கள். பகலில் பயமுறுத்திய அதே பொருள், ராத்திரியில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விளையாட்டாகிவிட்டது. அடி வாங்கிய கைகள், அடிக்காமல் ஆடக் கற்றுக்கொண்டன. இது சின்ன விஷயமா, சொல்லுங்கள்?

இந்த வித்தை நமக்கு மட்டும் சொந்தமில்லை. பாலைவனத்து அரபு மக்களும் கம்பை இப்படித்தான் கொண்டாட்டத்துக்குள் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் அது இன்றைக்கும் இருக்கிறது. நம் வீட்டுக் கல்யாணத்தில் ஏன் இல்லை? அதைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு பேசப் போகிறேன்.

எதிர் எதிரே இரண்டு நிரை

ஐக்கிய அரபு சிற்றரசுகள் முழுவதிலும், ஓமானின் வடமேற்குப் பகுதியிலும் கல்யாணம் என்றால் 'அல்-அய்யாலா' என்ற ஆட்டம் உண்டு. துபாய்க்கோ அபுதாபிக்கோ வேலைக்குப் போய் வந்த சொந்தக்காரர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். டிசம்பர் 2ஆம் தேதி அங்கே தேசிய நாள். அன்று தெருவிலோ தொலைக்காட்சியிலோ கட்டாயம் பார்த்திருப்பார்.

ஆண்கள் இரண்டு வரிசையாக எதிர் எதிரே நிற்பார்கள். வரிசைக்கு ஏறக்குறைய இருபது பேர். நமக்குத்தான் நிரை என்றால் என்ன என்று தெரியுமே! மரம் நிற்கிற நிரைபோல, தோளோடு தோள் சேர்ந்து, கோணாமல் நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் மெல்லிய மூங்கில் கம்பு. இரண்டு வரிசைக்கும் நடுவில் மேளக்காரர்கள். பெரிய மேளம், சின்ன மேளம், கஞ்சிரா மாதிரியான தோல் வாத்தியம், பித்தளைத் தாளம் எல்லாம் இருக்கும்.

மேளம் எழுந்ததும் கவிதை எழும். மேளத்தின் கதிக்கு ஏற்பக் கம்புகள் எல்லாம் ஒன்றாக அசையும். தலைகளும் கூடவே அசையும். வேகம் கிடையாது, குதியாட்டம் கிடையாது. நாற்பது பேரும் ஒரே உடம்புபோல அசைவதுதான் அதன் அழகு. வரிசைகளைச் சுற்றி வாளோ துப்பாக்கியோ ஏந்தியவர்கள் நடப்பார்கள். நடந்துகொண்டே அதை வானத்தில் வீசிக் கையில் பிடிப்பார்கள். சிற்றரசுகளில் நீண்ட உடை அணிந்த இளம்பெண்கள் முன்னே நின்று, அவிழ்த்துவிட்ட கூந்தலை இடமும் வலமுமாக வீசுவார்கள். 2025ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அதிபர் டிரம்ப் அபுதாபி போனபோது இந்தக் கூந்தல் வீச்சைப் படத்தில் பார்த்துவிட்டு உலகமே என்ன இது என்று கேட்டது.

இது ஒரு போர்க்காட்சி. கையிலிருக்கும் மூங்கில்தான் ஈட்டி, அதுதான் வாள். எதிர் வரிசைதான் எதிரிப் படை. ஆனால் அடி விழுவதில்லை. எதிரியாக நிற்பவர் பெண் வீட்டுக்காரராகவும் இருக்கலாம், மாப்பிள்ளைக்கு மாமன் மைத்துனராகவும் இருக்கலாம்! இன்னொரு சுவையான சங்கதி: மூங்கில் பாலைவனத்தில் விளைகிற பொருளா? பழைய காலத்தில் அது இந்தியாவிலிருந்து கடல் வழியாகப் போனது. அரபுப் புலவர்கள் புகழ்ந்து பாடிய ஈட்டிகளின் தண்டும் இந்திய மூங்கிலால் ஆனதுதான்.

வரிசையில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். தாத்தாவுக்கும் இடம் உண்டு, பேரனுக்கும் இடம் உண்டு. பணக்காரர், ஏழை என்ற கணக்கும் இல்லை. ஆட்டத்தை நடத்தும் தலைவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகிற பொறுப்பு. 'பொறுப்பு' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவர் கடமை. 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அல்-அய்யாலாவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அடிக்கத் தெரிந்தவன் அடிக்கமாட்டான்

எகிப்து நாட்டின் தென்பகுதிக் கிராமங்களில் 'தஹ்தீப்' என்று இன்னொரு கம்பாட்டம் உண்டு. நம் சிலம்பத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று சொல்லலாம். ஏறக்குறைய நாலடி நீளக் கம்பு. இருவர் மட்டும் களத்தில் இறங்குவார்கள். மேளமும், நம் நாயனத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் 'மிஸ்மார்' என்ற குழலும் முழங்கும். ஊர் சுற்றி நிற்கும்.

இதன் வயதைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். பண்டைய எகிப்தியக் கல்லறைகளிலும் பிரமிடுகளைச் சார்ந்த கோயில்களிலும் கம்பு வீசும் ஆட்களைச் செதுக்கியும் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். அவற்றில் சில நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அப்போது அது போர்ப் பயிற்சி. காலப்போக்கில் போர் உதிர்ந்தது, விளையாட்டு நின்றது. இன்று கல்யாணத்திலும் ஊர்த் திருவிழாவிலும் அதற்கு இடம் உண்டு. 2016இல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

தஹ்தீப்பின் சட்டம் ஒன்றே ஒன்று: எதிராளி மேல் அடி படக்கூடாது. கம்பு அவன் தலைக்குமேல் பறந்து வர வேண்டும். உன்னால் அடிக்க முடியும் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அந்த இடத்திலேயே கை நிற்க வேண்டும். பாம்பும் நோகாமல் பாம்படித்த கோலும் நோகாமல் என்று நம்மவர்கள் சொல்வார்களே, அதை அவர்கள் ஆட்டமாகவே ஆடிக் காட்டுகிறார்கள். அடித்துவிட்டவனுக்குக் கைதட்டல் கிடையாது. நிறுத்தத் தெரிந்தவனுக்குத்தான் மரியாதை. மீசை முளைக்கிற வயதில் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அங்கே பெண்களும் சும்மா இருக்கவில்லை. ஆண்கள் மீசை முறுக்கி வீசும் கம்பை ஒரு சின்னக் கைத்தடியாக்கி, இடுப்பிலும் தோளிலும் தலையிலும் நிறுத்தி ஆடத் தொடங்கினார்கள். ஆண்களின் வீராப்பைச் செல்லமாகக் கேலி செய்வதுபோல இருக்கும். 1959இல் மஹ்மூத் ரெடாவும் அவர் குடும்பத்தாரும் கெய்ரோவில் தொடங்கிய ரெடா நடனக் குழு, இந்தக் கிராமத்து ஆட்டங்களை மேடைக்குக் கொண்டுவந்து பல நாடுகளுக்கும் காட்டியது.

நம் பக்கத்துக் கம்புகள்

அரபு நாட்டுக்குப் போய்விட்டு நம் பக்கம் திரும்பினால், எத்தனை வகைக் கம்பாட்டம் நம்மிடமே இருக்கிறது என்று பாருங்கள்.

மலபார் மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் கோல்களி உண்டு. கேரளப் பள்ளிக்கூடக் கலைவிழாவில் பிள்ளைகள் ஆண்டுதோறும் அதைப் போட்டி போட்டு ஆடுகிறார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில், அக்கரைப்பற்றுப் பக்கமெல்லாம், தமிழ் பேசும் முஸ்லிம்களிடம் பொல்லடி உண்டு. பொல்லு என்றால் கம்பு. அண்ணாவியார் பாட்டெடுக்க, கல்யாணத்திலும் சுன்னத்து விழாவிலும் ஆடுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் களியல். நடுவில் குத்துவிளக்கு எரியும். ஆசான் தாளம் போட்டுப் பாடுவார். ஆடுபவர்கள் விளக்கைச் சுற்றி வருவார்கள். மெல்லத் தொடங்கி, முடியும்போது கண்ணால் தொடர முடியாத வேகத்துக்குப் போய்விடும். ஹைதராபாத்தில் நிஜாமின் படையில் வேலை பார்க்க ஹத்ரமௌத் நாட்டிலிருந்து வந்த அரபுச் சிப்பாய்களின் வாரிசுகள் இருக்கிறார்கள். அவர்கள் கல்யாணத்தில் 'மர்ஃபா' மேளம் முழங்கினால் கம்பும் வாளும் சுழலும்.

எல்லாவற்றிலும் நமக்கு மிக நெருக்கமானது கோலாட்டம்தான். இத்தனை கம்புகள் மோதியும் ஏன் ஒரு விரல்கூட நசுங்குவதில்லை? காரணம், யாரும் கம்பைப் பார்த்து ஆடுவதில்லை, தாளத்தைக் கேட்டு ஆடுகிறார்கள். என் கம்பு எங்கே வரும் என்று எதிரே இருப்பவளுக்குத் தெரியும். அவள் கம்பு எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கைதான் கவசம்.

பின்னல் கோலாட்டம் பார்த்திருக்கிறீர்களா? உச்சியிலிருந்து வண்ணக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கு ஒரு கயிறு. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்று மாறி மாறிச் சுற்ற, மேலே சடை பின்னுவதுபோலப் பின்னல் விழும். பின்னினது போதாது, அதே அடியைத் திருப்பிப் போட்டுப் பின்னலை அவிழ்த்தாக வேண்டும். ஒருத்தி தடம் மாறினால் சிக்கல் விழும். சிக்கல் விழுந்தால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். கூட்டுக் குடும்பம் என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பூன் லே சொல்லும் கதை

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், ஜூரோங்கில் உள்ள பூன் லே என்ற பேட்டையின் பெயரே ஒரு தோட்ட முதலாளியின் பெயர்தான். சியூ பூன் லே என்பவர் 1852 முதல் 1933 வரை வாழ்ந்தவர். இந்தப் பக்கத்தில் மிளகும் காம்பியரும் பயிரிட்டு, பிறகு ரப்பரும் போட்டவர். 1961இல் ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கும் வேலை தொடங்கியது. காடு போயிற்று, சதுப்பு மேடாயிற்று, தொழிற்சாலைப் புகைபோக்கிகள் எழுந்தன. எழுபதுகளில் தொழிலாளர் குடும்பங்களுக்காக அடுக்குமாடி வீடுகள் வந்தன. 1990இல் பூன் லே ரயில் நிலையம் திறந்தது. இப்படி ஒரு மனிதரின் ஆயுளுக்குள் தோட்டம் பட்டணமாகிவிட்டது.

இந்த அடுக்குமாடிகளுக்குக் கீழே திறந்த தளம் இருக்கும். சுவர் இருக்காது, தூண்கள் மட்டும் நிற்கும். மலாய்க் குடும்பங்களின் கல்யாணம் இங்கேதான் காலம் காலமாக நடந்து வருகிறது. மாப்பிள்ளை வரும்போது 'கொம்பாங்' முழங்கும். ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய அந்தக் கைமேளம் அரபு வணிகர்களோடு இந்தப் பக்கம் வந்தது என்பார்கள். சில வீட்டில் மணமக்களுக்கு முன் சிலாட் விளையாடியும் காட்டுவார்கள். சிங்கப்பூருக்கும் அரபு மக்களுக்கும் உள்ள உறவும் பழையது. 1819இலேயே பாலெம்பாங்கிலிருந்து அல்ஜுனைத் குடும்பத்தார் வந்துவிட்டார்கள். 1820இல் பள்ளிவாசலும் எழுந்தது. அரபு மக்கள் கொண்டுவந்த ஆட்டம்தான் மலாய்க்காரர் கையில் 'ஜாப்பின்' ஆயிற்று.

மாடி வீட்டுக்கு வந்த மலாய்க்காரர், கம்பத்தில் இருந்த கொம்பாங்கைக் கம்பத்திலேயே விட்டுவிட்டு வரவில்லை. திடல் இல்லையென்றால் என்ன, கீழ்த்தளம் இருக்கிறது என்று அங்கே முழக்கினார். கல்யாணம் இருக்கிறவரை கொம்பாங் இருக்கும். கொம்பாங் இருக்கிறவரை அதைக் கற்றுக்கொள்ளும் பையன்களும் இருப்பார்கள்.

நம் கதை என்ன? மலேசியாவில் ஐம்பதுகளின் கடைசியிலேயே தோட்டத் துண்டாடல் தொடங்கிவிட்டது. எண்பதுகளுக்குப் பிறகு எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்து மக்கள் தாமானுக்கும், மலிவு விலை அடுக்குமாடிக்கும் பிரிந்து போனார்கள். தோட்டம் போனபோது திடல் போயிற்று. திடல் போனபோது சிலம்ப வாத்தியாரின் பள்ளி போயிற்று. கோலாட்டம் சொல்லிக் கொடுத்த அக்காமார் ஆளுக்கொரு பட்டணத்தில் இருக்கிறார்கள். கம்பு மட்டும் அலமாரி மேலே தூசி படிந்து கிடக்கிறது.

இன்றும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிலம்பப் பயிற்சி நடக்கத்தான் செய்கிறது. நவராத்திரிக்குக் கோயில் மேடையில் பிள்ளைகள் கோலாட்டம் ஆடுகிறார்கள். அவற்றை நடத்துகிறவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மேடையில் எட்டுப் பேர் ஆட, இருநூறு பேர் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். அல்-அய்யாலாவில் நாற்காலியில் இருப்பவன் எழுந்து வரிசையில் நிற்கலாம். அங்கேதான் வித்தியாசம்.

இதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. உறுமி மேளத்தைப் பாருங்கள். தோட்டம் போனபோது அது சாகவில்லை. தைப்பூசத்திலும் கல்யாண ஊர்வலத்திலும் அதற்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடம் இருந்ததால்தான் பட்டணத்துப் பையன்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். கோலாட்டத்துக்கும் சிலம்பத்துக்கும் நாம் அப்படி ஓர் இடம் கொடுக்கவில்லை.

அரைமணி நேரம் கொடுங்கள்

ஆகவே ஒரு யோசனை. அடுத்து உங்கள் குடும்பத்தில் நடக்கும் கல்யாணத்தில், வரவேற்பிலோ முதல்நாள் இரவு நலுங்கு முடிந்த பிறகோ, அரைமணி நேரம் கம்புக்குக் கொடுங்கள். ஒலிபெருக்கிப் பாட்டு எங்கேயும் ஓடிவிடாது.

பெரிய செலவில்லை. ஆளுக்கு இரண்டு கம்பு. நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கட்டைவிரல் பருமனில் இருந்தால் போதும். முனையை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பிளவு விட்ட கம்பைச் சேர்க்காதீர்கள். எட்டுப் பேர் சேர்ந்தால் ஆட்டம் கட்டிவிடலாம். இருவர் இருவராக எதிர் எதிரே நில்லுங்கள். முதல் தட்டு உங்கள் இரண்டு கம்பும் ஒன்றோடொன்று. இரண்டாவது, உங்கள் வலக்கம்பு எதிராளியின் வலக்கம்போடு. மூன்றாவது மறுபடி உங்களுடையவை. நான்காவது, இடக்கம்பு இடக்கம்போடு. இந்த நாலு தட்டும் கைக்கு வந்துவிட்டால், பிறகு பக்கத்து ஆளிடம் நகரலாம். குழந்தைகளுக்கு முதலில் கைதட்டியே பழக்குங்கள். தாளம் பிடிபட்ட பிறகு கம்பைக் கொடுங்கள். சிலம்பம் வைத்தால் பழகியவர்கள் மட்டும் சுற்றட்டும்; சுற்றிலும் இடம் விட்டு நில்லுங்கள். அடுக்குமாடிக் கீழ்த்தளம் என்றால் நகர மன்றத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, ராத்திரி நேரம் கடக்காமல் முடித்துக்கொள்ளுங்கள். மேல்மாடியில் கைக்குழந்தை தூங்கும்!

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்தில் தோட்டத்துத் திடலில் ஆடிய பாட்டி, சித்தி, பெரியப்பா யாராவது இருப்பார்கள். பழைய பாட்டும் அடியும் அவர்களிடம்தான் இருக்கின்றன. காகிதத்தில் இல்லை. முழங்கால் வலி என்று சொல்வார்கள், விடாதீர்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பாட்டெடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசி இருக்கிறதே, அதில் பதிந்து வையுங்கள். அரபு நாட்டில் ஆட்டத் தலைவருக்கு உள்ள பொறுப்பை நம் வீட்டில் அந்தப் பெரியவருக்குக் கொடுத்துப் பாருங்கள். மறந்துபோயிற்று என்பவருக்கு நாலாவது தட்டில் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும்.

சிலர் சொல்லலாம்: "தோட்டத்துப் பழக்கமெல்லாம் இங்கே எதற்கு? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" மூங்கில் கம்பு ஏந்தி ஆடும் அரபுப் பிள்ளை அப்படி நினைக்கவில்லை. கண்ணாடிக் கோபுரமும் அகலச் சாலையும் நிறைந்த நாட்டில், பாட்டன் நின்ற வரிசையில்தான் அவன் நிற்கிறான். பூன் லே கீழ்த்தளத்தில் கொம்பாங் அடிக்கும் மலாய்ப் பையனும் அப்படி நினைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

கங்காணியின் பிரம்பு போய்விட்டது. நல்லது, போகட்டும். ஆனால் அந்தப் பிரம்புக்குப் பதிலாக நம் பாட்டன் பாட்டி கையில் எடுத்த கம்பும் அதோடு சேர்ந்து போக வேண்டுமா? அடுத்த முகூர்த்தத்துக்கு அழைப்பிதழ் அடிக்கும்போது, இரண்டு டஜன் கோலுக்கும் சொல்லி வையுங்கள்.